அல்சாஸில் கோடைக் கார்ப் பயணம்: திராட்சைத் தோட்டங்களும் அருங்காட்சியகங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு நாங்கள் இருவர் மட்டுமாகப் போன முதல் நீண்ட பயணம் இது. பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது அல்சாஸ். ஜூன் மாதத்தில் பத்து நாள், ஒரு சின்ன வாடகைக் காரில் அங்கே சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து உறவினரும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாரிஸ், சுவிட்சர்லாந்து எல்லாம் இருக்கும்போது ஏன் அல்சாஸ்?

அங்கே எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான். ‘அல்சாஸ் ஒயின் சாலை’ என்று 1953இல் பெயர் சூட்டித் திறந்த பாதை, வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே டான் வரை சுமார் 170 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து புதுச்சேரி போவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. மலையடிவாரச் சரிவில் திராட்சைத் தோட்டம், அதற்குள்ளே ஓர் ஊர், மறுபடி தோட்டம், மறுபடி ஊர் என்று அந்தப் பாதை போகிறது. அதிலிருந்து கொஞ்சம் விலகினால் ஐரோப்பாவின் மிகச் சிறந்த அருங்காட்சியகங்களில் சில. காலையில் ஓர் ஓவியம், மதியம் தூக்கம், மாலையில் ஒரு தோட்டம் என்று நாளை ஓட்ட முடிகிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

எத்தனை நாள் வேண்டும்?

ஏழு நாளுக்குக் குறைவாகப் போகாதீர்கள். பத்து நாள் நன்றாக இருக்கும். நாங்கள் முதல் இரண்டு இரவு கார் இல்லாமல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தங்கினோம். ஆறு இரவு கோல்மாருக்குப் பக்கத்தில் எகிஷைம் என்ற ஊரில், கடைசி இரண்டு இரவு மியூலூஸில். பெட்டியை மூன்று முறைதான் பிரித்தோம்.

கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம், ஓர் ஒயின் நிலவறை. இரண்டாவது ஒன்று எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் நாளைக்குத்தான். ஐந்தாறு ஊர்களை ஒரே நாளில் தொட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தோம். பார்க்கிங் தேடுவதிலேயே அவர்கள் பாதி நாள் போய்விடுகிறது. நிதானம் வேண்டும் என்றால் அதற்குத் திட்டத்திலேயே இடம் விட வேண்டும், தானாக வராது.

எந்த மாதம் நல்லது?

ஜூன். பொழுது இரவு ஒன்பதரை வரை இருக்கிறது. மாலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குள் நடந்தால் நம்மூர் நாலரை மணி வெயில் போல இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் அதிகம். சில நாள் 35 டிகிரியைத் தாண்டும். பழைய மரச்சட்ட வீடுகளில் நடக்கும் விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது, இதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அறுவடை தொடங்கிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் நிலவறைக்காரர்கள் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

மழையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மேற்கிலிருந்து வரும் மேகத்தை வோஜ் மலை தடுத்துவிடுவதால் கோல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். திராட்சைக்கு அந்த வறண்ட வெயில்தான் உயிர்.

விசா, லைசென்ஸ்?

ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அசல் லைசென்ஸையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

வலது பக்கம் ஓட்டுவது பயமாக இல்லையா?

முதல் அரைமணி நேரம் பயம்தான். அதனால்தான் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குள் கார் எடுக்கவில்லை. ரயிலில் கோல்மாருக்கு வந்து அங்கே எடுத்தோம். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. பாரிஸிலிருந்தே ஓட்டி வருவது தேவையில்லாத களைப்பு.

பழகிக்கொள்ள வேண்டியவை மூன்று. ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும், சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. ஊருக்குள் வேகம் 50தான், பல பழைய ஊர்களில் 30. கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும்.

வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்த ஒரு கீறலைத் திருப்பித் தரும்போது எங்கள் கணக்கில் எழுதப் பார்த்தார்கள். வீடியோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

ஒயின் ருசி பார்த்துவிட்டு எப்படி ஓட்டுவது?

ஓட்டக் கூடாது. பிரான்ஸில் சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புது லைசென்ஸ்காரர்களுக்கு 0.2. ஆனால் வரம்பை வைத்துக் கணக்குப் போடுவதே தவறு என்பது எங்கள் கருத்து. ஒரு நாள் அவர் ஓட்டுவார், மறுநாள் நான். அன்றைக்கு ஓட்டுகிறவருக்கு முகர்ந்து பார்க்கும் உரிமை மட்டும். ருசி பார்த்ததைத் துப்புவதற்கென்றே எல்லா நிலவறைகளிலும் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை, தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. தங்கும் ஊரிலேயே நிலவறை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கார் சாவியே தேவையில்லை. எகிஷைமைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். ஆறு மாலைகளில் நான்கு மாலை நாங்கள் நடந்தே போய், நடந்தே வந்தோம்.

எங்களுக்கு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. போய் நின்றால் அசிங்கமாகிவிடாதா?

ஆகாது. தொடங்குகிறவர்களுக்கு அல்சாஸைவிட எளிய இடம் பிரான்ஸில் இல்லை. மற்ற பகுதிகளில் பாட்டிலில் ஊர்ப் பெயர், பண்ணைப் பெயர் போட்டிருப்பார்கள். எந்தத் திராட்சை என்பதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இங்கே திராட்சை ரகத்தின் பெயரையே பெரிதாக எழுதிவிடுகிறார்கள். முக்கிய ரகங்கள் ஏழு: ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர், பினோ கிரி, முஸ்கா, பினோ பிளான், சில்வானர், பினோ நுவார். கடைசி ஒன்று மட்டும் சிவப்பு ஒயினுக்கு. இங்கே ஆள்வது வெள்ளை ஒயின். பாட்டில் கழுத்து நீண்டு ஒல்லியாக இருக்கும், அது சட்டப்படியே அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனிப்பாக இருக்குமோ, இருக்காதோ என்ற குழப்பம் முன்பெல்லாம் பெரிது. 2021 அறுவடையிலிருந்து அதையும் லேபிளில் எழுதச் சொல்லிவிட்டார்கள். ‘செக்’ என்றால் இனிப்பு இல்லாதது, ‘தெமி-செக்’ லேசாக, ‘முவாலு’ நல்ல இனிப்பு, ‘தூ’ தேன் மாதிரி. நம்மவர்கள் பலரும் முவாலுவில் தொடங்கி, மூன்றாம் நாள் செக்குக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது.

சிறிய குடும்ப நிலவறைகளில் ருசி பார்க்கப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. ஐந்தாறு ரகம் ஊற்றித் தந்து, ஒவ்வொன்றும் எந்தச் சரிவில் விளைந்தது என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவார்கள். கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டில் வாங்குவதுதான் மரியாதை. சாதாரண ரகங்கள் பத்து யூரோவை ஒட்டியே இருக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை கதவைச் சாத்திவிடுவார்கள், முதல் நாள் சரியாகப் பன்னிரண்டுக்குப் போய் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பலர் திறப்பதில்லை. ‘போன்ஜூர்’ சொல்லாமல் எந்தக் கதவுக்குள்ளும் நுழையாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

எதைக் கட்டாயம் ருசிக்க வேண்டும்?

கெவுர்ட்ஸ்ட்ராமினரை முகர்ந்து பாருங்கள். பன்னீர் ரோஜாவும் லிச்சிப் பழமும் சேர்ந்து வரும். ஒயின் என்றால் புளிப்பு என்று நினைத்திருந்த என் கணவர் கிளாஸை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த ஊர் முன்ஸ்டர் பாலாடைக்கட்டி கடுமையான வாசனை, இந்த ஒயினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும். காரமான நம் சாப்பாட்டுக்கும் பொருந்துகிற ஒயின் இதுதான்.

ரீஸ்லிங் வேறு மாதிரி: எலுமிச்சைக் கூர்மை, ஈரக் கல்லின் வாசனை. அதில்தான் மண்ணின் வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். சிறந்த சரிவுகள் என்று 51 இடங்களைப் பிரித்து ‘கிரான் க்ரூ’ என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தெற்குக் கடைசியில் டான் ஊருக்கு மேலே இருக்கும் ராங்கென் சரிவு எரிமலைப் பாறை, நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களை நினைத்துக்கொண்டுதான் அந்த ஒயினைக் குடிக்க வேண்டும். நுரை வரும் வகைக்கு ‘கிரெமான்’ என்று பெயர். ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள், விலையோ பாதிக்கும் கீழே.

எங்களில் ஒருவர் குடிப்பதே இல்லை. அவருக்கு இந்தப் பயணம் சலிக்குமா?

சலிக்காது. தோட்டத்துக்குள் நடப்பதற்கென்றே பாதைகள் போட்டு, வழியில் ரகங்களையும் மண்ணையும் விளக்கும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பல நிலவறைகளில் அவர்களே பிழிந்த திராட்சைச் சாறும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். இந்தப் பயணத்தில் அருங்காட்சியகம்தான் பெரிய பங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஓர் அருங்காட்சியகம் பார்க்கத்தான் நேரம் என்றால்?

கோல்மாரில் உள்ள உன்டர்லிண்டன். இந்தப் பெயரை ‘எலுமிச்சை மரங்களின் கீழே’ என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கிறார்கள். அது லிண்டன் மரம், எலுமிச்சை இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் டொமினிக்கன் கன்னியர் மடமாக இருந்த கட்டடம், 1853இல் அருங்காட்சியகம் ஆனது. அதன் பழைய கோயிலுக்குள் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. 1512 முதல் 1516 வரை மத்தியாஸ் குரூனெவால்ட் வரைந்தது. சிற்பங்கள் நிக்லாஸ் ஹாகெனாவருடையவை.

இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஈசன்ஹைம் என்பது கோல்மாருக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர். அங்கே அந்தோணியார் சபைத் துறவிகள் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அந்தக் காலத்து ஏழைகள் சாப்பிட்ட ரை ரொட்டியில், தானியக் கதிரில் வளரும் ஒரு பூஞ்சை கலந்துவிடும். அது உடலுக்குள் போனால் கைகால் நெருப்பாய் எரியும், விரல்கள் கறுத்து உதிரும், மனம் பிதற்றும். காரணம் தெரியாத மக்கள் அதை ‘அந்தோணியார் நெருப்பு’ என்றார்கள். துறவிகள் நல்ல ரொட்டி கொடுத்தார்கள், மூலிகை மருந்து பூசினார்கள், புனிதரின் திருப்பண்டத்தின் மேல் ஊற்றி எடுத்த ஒயினைக் குடிக்கக் கொடுத்தார்கள். நோயாளிகளை இந்த ஓவியத்தின் முன்னால் கொண்டுவந்து விட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிலுவைக்கு முன்னால் நில்லுங்கள். மற்ற ஓவியங்களில் இயேசுவின் உடல் வெளுத்து அமைதியாக இருக்கும். இங்கே உடம்பெல்லாம் முள் தைத்த புண், தோல் பச்சை பாய்ந்திருக்கிறது, விரல்கள் வலியில் முறுக்கி வானைப் பார்க்கின்றன. படுக்கையில் கிடந்த நோயாளி அதைப் பார்த்து, ‘என் உடம்பு மாதிரியே இருக்கிறதே’ என்று நினைத்திருப்பான். இன்னொரு பலகையில் அந்தோணியாரைப் பேய்கள் இழுக்கின்றன. அதன் இடது மூலையில் வயிறு வீங்கி, மேலெல்லாம் கொப்புளத்தோடு ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். அந்த நோய்க்காரனையே ஓவியர் உள்ளே வைத்துவிட்டார். துறவி பவுலை அந்தோணியார் சந்திக்கும் பலகையில், காலடியில் வளரும் செடிகளைக் குனிந்து பாருங்கள். மருந்துக்குப் பயன்பட்ட மூலிகைகள் அவை.

அப்புறம் உயிர்த்தெழுதல். கல்லறை வெடித்து, மஞ்சளும் சிவப்புமான ஒளி வட்டத்துக்குள் அதே உடல், ஒரு புண் இல்லாமல் மேலே எழுகிறது. ஆணி பாய்ந்த தழும்பு மட்டும் கையில் இருக்கிறது. நான் இந்து, அவ்வளவாகக் கோயிலுக்குப் போகிறவளும் இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் கண் கலங்கி நின்றேன். கடைசி மூன்று வருடம் படுக்கையில் இருந்த என் அம்மாவை நினைத்தேன். என் கணவர் எதுவும் பேசாமல் பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மடிப்பு மடிப்பாகத் திறக்கும் அமைப்பு இது, அந்தக் காலத்தில் மூன்று நிலைகளில் திறப்பார்கள். இன்று பலகைகளைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தியிருப்பதால் சுற்றி வந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். 2018இல் தொடங்கிய சீரமைப்பு 2022இல் முடிந்தது, பழைய வார்னிஷ் போய் நிறங்கள் புதிதாகத் தெரிகின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், பதினொரு மணிக்குக் குழுக்கள் வந்துவிடும். முதலில் ஓவியத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம். மற்ற அறைகளும், சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் எர்ட்ஸோக், தெ மூரோன் கட்டிய புதுப் பகுதியும் அதற்கப்புறம் போதும்.

கோல்மாரில் வேறு என்ன?

பக்கத்திலேயே டொமினிக்கன் தேவாலயத்தில் மார்ட்டின் ஷோங்காவர் 1473இல் வரைந்த ரோஜாப் பந்தல் மாதா. 1972இல் திருடு போய், அடுத்த வருடம் கிடைத்தது. தங்கப் பின்னணியில் ஒவ்வொரு இதழும் தனியாகத் தெரியும். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி 1834இல் இந்த ஊரில்தான் பிறந்தார், பிறந்த வீடே அவர் பெயரில் அருங்காட்சியகம். ஊருக்கு வடக்கே சாலை நடுவில் அந்தச் சிலையின் 12 மீட்டர் நகல் நிற்கிறது.

ஊர்களில் எவற்றைப் பார்ப்பது?

எகிஷைம்: தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாக ஓடும், காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று நடந்தால் பூனைகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ரிக்விர் எல்லோரும் போகிற ஊர், அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். கைசர்ஸ்பெர்க்கில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875இல் பிறந்தார். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை கட்டி, 1952க்கான அமைதி நோபல் பெற்றவர், அவருக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. டுர்க்கைமில் மே முதல் அக்டோபர் வரை தினமும் இரவு பத்து மணிக்குக் காவற்காரர் ஒருவர் விளக்கும் ஈட்டியுமாகப் பாடிக்கொண்டே ஊரைச் சுற்றுவார். பின்னாலேயே நாமும் போகலாம். அல்சாஸ் மொழியில் பாடுவதில் ஒரு வார்த்தை புரியவில்லை, இருந்தாலும் கடைசி முனை வரை போனோம்.

உனாவிரில் நாரைகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்கிறது. அல்சாஸின் அடையாளமே கூரைமேல் கூடுகட்டும் செங்கால் நாரைதான். 1970களில் பத்து ஜோடிக்கும் குறைவாகிவிட்டன. 1976இல் காப்பகம் தொடங்கி வளர்த்து விட்டதில் இன்று ஊர்தோறும் கூடு தெரிகிறது. அலகைத் தட்டி அது எழுப்பும் சத்தம் தாயக்கட்டை உருட்டுவது போலக் கேட்கும்.

மியூலூஸ் தொழிற்சாலை நகரம்தானே, போக வேண்டுமா?

போக வேண்டும். இரண்டு காரணம், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

அவருக்குக் கார் அருங்காட்சியகம். ஷ்லும்ப்ஃப் சகோதரர்கள் இருவர் ஜவுளி ஆலை முதலாளிகள். ஆலை லாபத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பழைய கார்களை வாங்கி, ஊருக்குத் தெரியாமல் ஆலைக்குள்ளேயே அடுக்கி வைத்தார்கள். 1970களில் ஆலை நொடித்தது, அவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் தங்கள் உழைப்பு எங்கே போனது என்று கண்ணால் பார்த்தார்கள். கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு, மக்களுக்குத் திறந்தும் விட்டார்கள். கார்கள் சிதறிப் போகாமல் அரசு பாதுகாத்து, 1982இல் முறையான அருங்காட்சியகம் ஆனது. விரல்விட்டு எண்ணும் அளவே செய்யப்பட்ட புகாட்டி ரோயாலில் இரண்டு இங்கே இருக்கின்றன. புகாட்டி நிறுவனம் பிறந்ததும் இதே ஒயின் சாலையில் உள்ள மோல்ஸ்ஹைமில்தான், 1909இல்.

எனக்குத் துணி அச்சு அருங்காட்சியகம். தமிழர்கள் அங்கே போனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து பூ வரைந்த பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. துவைத்தால் சாயம் போகாது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘இந்தியென்’ என்று அழைத்துப் பைத்தியமாக வாங்கினார்கள். உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு போகிறதென்று பிரெஞ்சு அரசு 1686இல் அந்தத் துணியையே தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. மியூலூஸ் அப்போது பிரான்ஸில் இல்லை, சுவிஸ் மாகாணங்களோடு சேர்ந்த தனிக் குடியரசு. தடை அங்கே செல்லாது. 1746இல் முதல் அச்சுப் பட்டறையைத் திறந்தார்கள், ஊர் பணக்கார ஊரானது. 1798இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது.

நுட்பம் நம்முடையது. படிகாரம் தடவி, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பு ஏற்றும் முறையைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் கவனமாக எழுதி அனுப்பினார்கள். கேர்தூ என்ற யேசு சபைப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் அப்படிப்பட்டது. எம்பிராய்டரி செய்கிறவர்கள் வீட்டில் டிஎம்சி நூல் கண்டு இருக்கும். அந்த நிறுவனத்தின் வேரும் இதே 1746, இதே மியூலூஸ். அந்த ஊர் அச்சுப் பூக்களைப் பார்த்தபோது பாட்டியின் பெட்டியிலிருந்த புடவைதான் என் கண்முன் வந்தது. கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் என்ன செய்தீர்கள்?

நடந்தோம். தேவாலயக் கோபுரம் 142 மீட்டர், 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடம். எங்கள் பயணத்தின் இரண்டு ஆசைகளும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அங்கேதான்: நகர மருத்துவமனையின் அடியில் 1395இல் தொடங்கிய ஒயின் நிலவறை. அதில் ஒரு பீப்பாயில் 1472ஆம் ஆண்டு ஒயின் இன்னும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டில் மூன்று முறைதான் அதைப் பரிமாறியிருக்கிறார்கள், கடைசியாக 1944இல், நகரை மீட்ட தளபதி லெக்லெர்க்குக்கு. மருந்தாக ஒயினைக் கொடுத்த காலத்து மருத்துவமனை அது. இரண்டு நாள் கழித்து ஈசன்ஹைம் ஓவியத்தைப் பார்த்தபோது இந்த நிலவறை எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பிரான்ஸ் என்கிறீர்கள், ஊர்ப் பெயரெல்லாம் ஜெர்மன் மாதிரி இருக்கிறதே?

1871இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1918இல் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940இல் மறுபடி ஜெர்மனி, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். எழுபத்தைந்து வருடத்தில் நான்கு முறை. இடம் மாறாமலே கொடி மட்டும் மாறிய குடும்பங்கள் அவை. மலைமேல் இருக்கும் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை முப்பதாண்டுப் போரில் 1633இல் அழிந்தது. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900 முதல் 1908 வரை அதைத் திரும்பக் கட்டினார், இந்த மண் எங்களுடையது என்று சொல்வதற்காக. பத்து வருடத்தில் மண் கைமாறிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் அல்சாஸ், பக்கத்து மொசெல் பகுதி இளைஞர்கள் சுமார் 1,30,000 பேரை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 1944–45 குளிர்காலத்தில் கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் பென்விர், அமெர்ஷ்விர் போன்ற ஒயின் ஊர்கள் தரைமட்டமாகின. பக்கத்து ஊர் மரவீடுகளோடு நிற்க, இந்த ஊர்களில் மட்டும் கட்டடங்கள் புதிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். அழகாக இல்லை என்று காரை நிறுத்தாமல் போய்விடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். இந்த ஊர் உணவில் பன்றி இறைச்சி அதிகம். மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் போட்டு விறகடுப்பில் சுடும் ‘ஃப்ளாமெகுஷ்’ மேல் இறைச்சித் துண்டு தூவுவார்கள். ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். உருளைக்கிழங்கோடு முன்ஸ்டர் கட்டி, பாதாம் பதித்த குகெல்ஹோஃப் கேக், பிரெட்ஸெல் எல்லாம் கவலையில்லை, முட்டை மட்டும் சாப்பிடுவீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சமையலறை உள்ள அறை எடுத்தோம். குக்கர் கொண்டுபோனோம், மூன்று நாள் தயிர்சாதம்தான்.

இருவருக்கும் ரசனை வேறு. ஒருவர் ஓவியத்தின் முன் நின்றுகொண்டே இருப்பார், இன்னொருவருக்குக் கால் வலிக்கும். சமாளிப்பது எப்படி?

உள்ளே நுழைந்ததும் பிரிந்துவிடுங்கள். இத்தனை மணிக்கு இந்தப் பெஞ்ச் என்று சொல்லிக்கொண்டால் போதும். சேர்ந்தே நடந்தால் ஒருவர் அவசரப்படுவார், மற்றவர் காத்திருப்பார், இருவருக்குமே பார்த்த நிறைவு வராது. தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்தால் மாலையில் பேசுவதற்கு விஷயம் இருக்கும். கார் அருங்காட்சியகத்தில் அவர் மூன்று மணி நேரம் இருந்தார். நான் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்து அம்மாவின் பழைய தோழிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன்.

எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

இந்தியாவுக்குள் ஒருவருக்கு வரியில்லாமல் இரண்டு லிட்டர். ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று கணக்கு வையுங்கள். துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். கழுத்து நீண்ட பாட்டில் என்பதால் குறுக்காக வைத்தால்தான் பெட்டி மூடும். கோடை வெயிலில் காரின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள், ஒரே மதியத்தில் கெட்டுப்போகும்.

திரும்பப் போனால் எங்கே அதிக நேரம் கொடுப்பீர்கள்?

செலெஸ்தாவில் உள்ள மனிதநேய நூலகத்துக்கு. பெயாத்துஸ் ரெனானுஸ் என்ற அறிஞர் 1547இல் இறக்கும்போது தன் புத்தகங்கள் முழுவதையும் பிறந்த ஊருக்கே எழுதி வைத்தார். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் 2011இல் சேர்ந்தன. மாணவனாக இருந்தபோது அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் கண்ணாடிக்குள் தெரிகின்றன. ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம் என்ற விதியை மீறி, கோட்டைக்குப் போய்வந்த அன்றே மாலையில் இங்கே நுழைந்தோம். ஐம்பது நிமிடம்தான் கிடைத்தது, மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.